பணம் கேட்க வாய் வரவில்லை: சிறிய தொண்டு நிறுவனங்கள் நிதி திரட்டவும் உரிமைக்குப் பேசவும் எப்படிக் கற்றுக்கொள்வது?

#1 கரிசல்மண் (9 ஜூன் 2024)

எல்லோருக்கும் வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில், அறிவுசார் குறைபாடும் மூளை முடக்குவாதமும் உள்ள பிள்ளைகளுக்குப் பகல்நேர மையம் நடத்துகிறோம். 32 பிள்ளைகள். சுற்றிலும் 14 கிராமங்களிலிருந்து எங்கள் வேனில் வருகிறார்கள்.

செலவில் 60 சதவீதத்தை 11 வருடமாக ஒரு வெளிநாட்டு அமைப்பு கொடுத்து வந்தது. போன மாதம் கடிதம் வந்துவிட்டது. அடுத்த மார்ச்சோடு சரி. அவர்கள் மேல் வருத்தம் இல்லை, அவகாசம் கொடுத்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

என் கவலை வேறு. இந்த 11 வருடத்தில் எங்களுக்குக் கைவந்தது ரிப்போர்ட் எழுதுவது ஒன்றுதான். நேரில் ஒரு மனிதரிடம் போய்ப் பணம் கேட்கத் தெரியவில்லை. போன வாரம் பஜாரில் ஒரு அரிசி மண்டிக்குப் போனேன். முதலாளி நல்ல மனிதர். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். ஆல்பத்தைக் காட்டி அரை மணி நேரம் பேசினேன். "சரிம்மா, எவ்வளவு எதிர்பாக்குறீங்க?" என்று அவரே கேட்டார். என் வாயில் வந்தது, "ஒங்களால முடிஞ்சதக் குடுங்கண்ணே." அவர் கல்லாவைத் திறந்து 100 ரூபாய் எடுத்துக் கொடுத்தார். நன்றி சொல்லிவிட்டு வந்து வேனில் உட்கார்ந்து அழுதேன். அவர் குறைவாகக் கொடுத்ததற்காக இல்லை. கேட்டது நான்தானே, தொகையைச் சொல்ல எனக்கு ஏன் நாக்கு எழவில்லை?

இன்னொரு விஷயமும் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளில் 11 பேருக்கு அரசின் மாதப் பராமரிப்பு உதவித்தொகை இன்னும் வரவில்லை. தாலுகா அலுவலகத்தில் சாய்தளம் கிடையாது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். இதற்கெல்லாம் பேச வேண்டும் என்றால் எங்கள் தலைவர், "பணம் தேடுற நேரத்துல அரசாங்கத்தோட மல்லுக்கு நிக்காதேம்மா" என்கிறார். முதலில் பணம், அப்புறம் உரிமை என்று வைத்துக்கொள்வதா? இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 ஓடைக்கரை (9 ஜூன் 2024)

முதலில் கணக்கைப் போடுங்கள். மாதம் எதற்கு எவ்வளவு? ஆடிட் ரிப்போர்ட்டில் இருக்கிற தலைப்புகள் வேண்டாம். வீட்டுச் செலவு எழுதுவது மாதிரி எழுதுங்கள்.

#3 கரிசல்மண் (10 ஜூன் 2024)

அக்கா, இதோ மாதக் கணக்கு. சிறப்பாசிரியர்கள் இருவர் 28,000. வாரம் மூன்று நாள் வரும் பிசியோதெரபிஸ்ட் 12,000. ஆயாக்கள் இருவர் 16,000. சமையல் அம்மா 7,000. வேன் டீசல், டிரைவர் சேர்த்து 24,000. வாடகை 9,000. மளிகை, காய்கறி 15,000. கரண்ட், போன், ஆடிட் எல்லாம் 5,000. எனக்கு 14,000. மொத்தம் 1,30,000 ரூபாய். இதில் மார்ச்சுக்குப் பிறகு துண்டு விழுவது 78,000.

#4 ஓடைக்கரை (10 ஜூன் 2024)

சென்னையில் 16 வருடம் இதே வேலை பார்த்தவள் நான். போனில் கேட்டிருக்கிறேன், தெருவில் நின்று கேட்டிருக்கிறேன், கடைசி ஆறு வருடம் உங்களைப் போன்ற சின்ன அமைப்புகளுக்குப் பயிற்சி கொடுத்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

78,000 என்று ஒரு தொகையாகப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். 260 பேர் மாதம் 300 ரூபாய் கொடுத்தால் அதுதான் 78,000. அந்த 260 பேரையும் ஒரே நாளில் தேட வேண்டியதில்லை. ஒன்பது மாதத்தில் மாதம் 29 பேர்.

அடுத்தது உங்கள் வேன். மாதம் 24,000, வேலை நாள் 24. ஒரு நாள் வேன் ஓட 1,000 ரூபாய். இதை எழுதியபோது உங்களுக்கே தோன்றியிருக்க வேண்டும், இதுதான் கேட்க வேண்டிய தொகை என்று. "குழந்தைகளின் முழுமையான மறுவாழ்வுக்கு உதவுங்கள்" என்றால் யாருக்கும் கண்ணில் எதுவும் தெரியாது. "மாதத்தில் ஒரு நாள் 32 பிள்ளைகளை உங்கள் வேன் கூட்டிவரும், 1,000 ரூபாய்" என்றால் தெரியும்.

நீங்கள் மண்டியில் செய்த தவறு ஒன்றே ஒன்றுதான், நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செய்வது. "முடிந்ததைக் கொடுங்கள்" என்றால் கணக்குப் போடும் வேலையை எதிராளி தலையில் வைத்துவிடுகிறோம். அவருக்கு உங்கள் தேவை தெரியாது, குறைத்துக் கொடுத்தால் தப்பாகிவிடுமோ என்று சங்கடப்பட்டு, கோயில் உண்டியலுக்குப் போடுகிற தொகையை எடுத்து நீட்டுகிறார். தொகையைச் சொல்லுங்கள். சொன்ன பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். இந்த இரண்டாவது விஷயம்தான் கஷ்டம். தொகை சொன்னதும் நமக்கே பயம் வந்து, "இல்லன்னாலும் பரவாயில்லண்ணே, ஐநூறு கூடப் போதும்" என்று நாமே இறக்கிவிடுவோம். அவர் யோசிக்கிறார், அவ்வளவுதான். யோசிக்க விடுங்கள்.

இதை எப்படிப் பழகுவது? பயிற்சி வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டால் வராது. நான் செய்வது இதுதான். சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு எல்லோரும் உட்காருங்கள். டிரைவர் அண்ணன் மண்டி முதலாளி. சமையல் அம்மா கேட்கப் போகிறவர். முதலாளி போன் பேச வேண்டும், நடுவில் சரக்கு இறக்குகிற ஆளைத் திட்ட வேண்டும், "போன வாரம்தான் அநாதை இல்லத்துக்குக் குடுத்தேன்" என்று சொல்ல வேண்டும். தொகையைச் சொன்னதும் பத்து எண்ணும் வரை யாரும் பேசக்கூடாது. முதல் நாள் எல்லோரும் சிரிப்பார்கள். நாலாவது நாள் சமையல் அம்மா உங்களைவிட நன்றாகக் கேட்பார், பாருங்கள். அவர்தானே பிள்ளைகளுக்கு ஊட்டி விடுகிறவர்.

யாரிடம் கேட்பது? பணக்காரர் பட்டியல் போடாதீர்கள். உங்களை ஏற்கெனவே தெரிந்தவர்கள் பட்டியல் போடுங்கள். பிள்ளைகளின் தாய்மாமன், சித்தப்பா. வேன் நிற்கிற டீக்கடை. மருந்துக் கடை. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். பணியாளர் ஒவ்வொருவரும் 30 பெயர் எழுதினால் எட்டுப் பேருக்கு 240.

கேட்பது கேவலம் என்ற எண்ணத்தையும் விடுங்கள். நம் ஊரில் கேட்டு வாங்காமல் எது நடந்திருக்கிறது? பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து வைப்பார்கள். யார் எவ்வளவு செய்தார் என்று நோட்டில் ஏறிவிடும், திருப்பிச் செய்யும்வரை அந்த வரி உயிரோடு இருக்கும். உங்களுக்கும் அப்படி ஒரு நோட்டு வேண்டும். யார், எப்போது, எவ்வளவு, அவர்கள் வீட்டில் என்ன விசேஷம், நாம் எப்போது நன்றி சொன்னோம். பிடி அரிசி நமக்குத் தெரிந்ததுதான். மிசோரமில் இதே வழக்கத்துக்கு புஹ்ஃபாய் தாம் என்று பெயர். அங்கே பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910-லிருந்து உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி தனியே எடுத்து வைத்து, அதைச் சேர்த்து விற்றுச் சபைப் பணிக்குக் கொடுக்கிறார்கள். நூறு வருடம் தாண்டியும் நிற்கவில்லை. பெரிய தொகை ஒருவரிடமிருந்து வந்தால், அவர் கடிதம் போட்டதும் நின்றுவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

#5 தறிவீடு (10 ஜூன் 2024)

நான் கொடுக்கிற பக்கத்தில் இருப்பவன். ராஜபாளையம் பக்கம் சின்ன விசைத்தறிக் கூடம். ஒரு முதியோர் இல்லத்துக்கு நாலு வருடம் வருடா வருடம் 10,000 கொடுத்தேன். பிறகு நிறுத்திவிட்டேன். கோபமெல்லாம் இல்லை. நாலு வருடத்தில் அவர்கள் என்னோடு பேசியதெல்லாம் தீபாவளிக்கு முன் வாரம் மட்டும்தான். அந்தப் பணத்தில் என்ன செய்தார்கள் என்று ஒரு வரி கிடையாது. நான் போய்ப் பார்க்கிறேன் என்று சொன்னபோது, "வர்றதுக்கு முன்னாடி போன் பண்ணுங்க சார்" என்றார்கள்.

எனக்கு ஷீல்டு வேண்டாம், சால்வை வேண்டாம். இந்த மாதம் இன்ன பையன் தானே தம்ளர் பிடித்துத் தண்ணீர் குடித்தான் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினால் போதும். அதைச் செய்கிறவர்களை நாங்கள் விடவே மாட்டோம்.

#6 வரவுசெலவு (11 ஜூன் 2024)

மதுரையில் 30 வருடம் ஆடிட்டராக இருந்தவன். ஓடைக்கரை அம்மா சொன்னதெல்லாம் சரி. ஆனால் பை கிழிந்திருந்தால் போடுவதெல்லாம் கொட்டிவிடும், அதனால் சட்டப் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வருமான வரித் துறையின் 12ஏ பதிவு (மையத்துக்கு வரிவிலக்கு), 80ஜி பதிவு (கொடுப்பவருக்கு வரிச் சலுகை) இரண்டும் புதுப்பித்த நிலையில் இருக்கிறதா பாருங்கள். அந்தப் பதிவு நிரந்தரம் இல்லை, அதற்குக் காலக்கெடு உண்டு. 80ஜி வைத்திருப்பவர்கள் வருடம் முழுக்க வாங்கிய நன்கொடைக்கு 10பிடி படிவத்தை மே 31-க்குள் போட்டாக வேண்டும். அதைப் போட்டால்தான் கொடுத்தவருக்கு 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழ் கிடைக்கும். தாமதித்தால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். போடும்போது கொடுத்தவரின் பான் அல்லது ஆதார் எண் கேட்கும். மே 29-ஆம் தேதி நூறு பேருக்குப் போன் போட்டு பான் எண் கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பணம் வாங்கும்போதே வாங்கிவிடுங்கள்.

ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அவருக்கு வரிச் சலுகை கிடையாது. இன்னொன்று, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு 80ஜி கழிவே கிடையாது, 2023-24 நிதியாண்டிலிருந்து அதுதான் இயல்பான முறை. "வரி மிச்சமாகும் சார்" என்று சம்பளக்காரர்களிடம் பேச்சைத் தொடங்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பாதிப் பேருக்கு மேல் அது பொருந்தாமல் போகலாம். பிள்ளைகளைப் பற்றிப் பேசிக் கேளுங்கள்.

அடுத்து சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகள் லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிடுவது. கம்பெனிச் சட்டம் 135-ஆம் பிரிவின்படி நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி இருக்கிற கம்பெனிகள் முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். 5 கோடி லாபம் என்றால் சிவகாசி, ராஜபாளையம் வட்டாரத்திலேயே ஆள் இருப்பார்கள். மும்பைக்குப் போக வேண்டாம். அவர்களிடம் வாங்க நீங்கள் கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 பதிவு செய்திருக்க வேண்டும், மூன்று வருட அனுபவமும் வேண்டும். எல்லோரும் மார்ச்சில் போய் நிற்கிறார்கள், அப்போது மிச்சம் மீதிதான் இருக்கும். வருடாந்தரச் செயல்திட்டம் போடுகிற காலத்தில் போங்கள், ஏப்ரல், மே மாதங்களில். இந்த வருடம் தாமதம்தான், ஆனாலும் இப்போதே போய் அறிமுகமாகிவிடுங்கள்.

ஒரு தவறான புரிதலையும் சொல்லிவிடுகிறேன். "சிஎஸ்ஆர் பணத்தில் நிர்வாகச் செலவு 5 சதவீதம்தான், அதனால் உங்கள் ஆசிரியர் சம்பளத்தைச் சேர்க்க முடியாது" என்று சில கம்பெனி அதிகாரிகள் சொல்வார்கள். அந்த 5 சதவீதம் கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்த ஆகும் பொதுச் செலவுக்கான வரம்பு. திட்டத்தை நடத்த நேரடியாக ஆகும் செலவு அதில் வராது. சிறப்பாசிரியர் சம்பளம்தான் உங்கள் திட்டமே. பணிவாக, விதியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

#7 யீஷூன்வாசி (11 ஜூன் 2024)

சிங்கப்பூரில் இருக்கிறேன், சொந்த ஊர் அருப்புக்கோட்டை. இங்கே எங்கள் ஊர்க்காரர்கள் நாற்பது பேர் இருக்கிறோம். மாதம் கொஞ்சம் அனுப்பலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். நேராக மையத்தின் கணக்கில் போடலாமா?

#8 வரவுசெலவு (11 ஜூன் 2024)

தம்பி, அனுப்புவதற்கு முன் கேட்டீர்கள், நல்லது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, சாதாரணக் கணக்கில் வாங்கலாம். பாஸ்போர்ட் நகலை மையம் கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர், ஓசிஐ எனும் வெளிநாடுவாழ் இந்தியர் அட்டை இருந்தாலும், எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவர்தான். அவர் பணம் எஃப்சிஆர்ஏ பதிவு உள்ள அமைப்புக்கு, டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் இருக்கிற அந்த அமைப்பின் எஃப்சிஆர்ஏ கணக்கின் வழியாக மட்டும்தான் வர வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு இதுதான் நிலை. நாற்பது பேர் பணத்தையும் ஒருவர் சேர்த்து அனுப்பவே கூடாது. அவரவர் கணக்கிலிருந்து அவரவர் அனுப்பட்டும்.

அதே திருத்தத்தில்தான் ஒரு அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பகிர்வதும் தடையானது. பெரிய அமைப்பு வாங்கிப் பத்துச் சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுத்த காலம் முடிந்தது. கிராமத்து அமைப்புகள் பல அப்போதுதான் தட்டுத் தடுமாறின.

#9 சக்கரநாற்காலி (12 ஜூன் 2024)

கரிசல்மண், உங்கள் ஆல்பத்தில் என்ன படங்கள் இருக்கின்றன?

கோபமாகக் கேட்கவில்லை. எனக்கு ஒன்பது வயதில் என்னை ஒரு அமைப்பு படம் எடுத்தது. அன்றைக்கு நான் போட்டிருந்த நல்ல சட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டு, பழைய பனியனோடு தரையில் உட்கார வைத்தார்கள். என் சக்கர நாற்காலி படத்தில் வராமல் ஓரமாகத் தள்ளி வைத்தார்கள். அந்தப் படம் காலண்டரில் வந்தது. எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் ஒரு வருடம் முழுக்கத் தொங்கியது. நான் அந்த வீடுகளுக்கு விளையாடப் போவதை நிறுத்திவிட்டேன்.

பணம் வந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணம் வந்த வழியே, எங்களுக்கு உரிமை இருக்கிறது என்று அந்தத் தெரு நினைக்கிற வழியை அடைத்துவிட்டது. பரிதாபப்பட்டவர் 100 ரூபாய் கொடுப்பார், சாய்தளம் கேட்டால் "பாவம், இதுக்கு எதுக்கு அங்கெல்லாம் போகணும்" என்பார். உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான்: இரண்டும் தனித்தனி வேலை இல்லை. நீங்கள் பணம் கேட்கிற விதமே, அப்புறம் உரிமை கேட்கும்போது உங்களுக்குத் துணை நிற்கும், அல்லது எதிராக நிற்கும்.

தாலுகா அலுவலகச் சாய்தளம் சலுகையே இல்லை. 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 45-ஆம் பிரிவு, இருக்கிற பொதுக் கட்டடங்களை ஐந்து வருடத்தில் மாற்றச் சொல்கிறது. அதற்கான விதிகள் வந்த 2017 ஜூனிலிருந்து அந்த ஐந்து வருடக் கணக்கு. கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது.

#10 நாலுரோடு (12 ஜூன் 2024)

உணர்ச்சிவசப்படாமல் யோசிக்க வேண்டும். நானும் ஒரு விடுதி நடத்தியவன். அதிகாரிகளை எதிர்த்துப் பேசிய பிறகு ஆய்வுக்கு வந்து, தீயணைப்புச் சான்று எங்கே, சுகாதாரச் சான்று எங்கே என்று ஒன்றரை வருடம் அலையவிட்டார்கள். அந்த அலைச்சலில் இரண்டு பணியாளர்கள் போய்விட்டார்கள். அந்தத் தலைவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மையம் இருந்தால்தானே உரிமை கேட்க முடியும்?

#11 மலைப்பாதை (13 ஜூன் 2024)

நாலுரோடு அண்ணன் பட்ட பாடு உண்மை. யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதனால்தான் எப்படிக் கேட்பது என்பதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறேன். ஜவ்வாது மலையில் ரேஷன், சாதிச் சான்றிதழ், பள்ளி என்று 14 வருடமாக மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆபீஸ்களில் இதை அட்வகசி என்கிறார்கள். எங்கள் மலையில் "பேசிப் பாக்குறது" என்போம்.

முதல் பாடம், மையம் பேசக் கூடாது, தாய்மார்கள் பேச வேண்டும். மையத்தின் லெட்டர்பேடில் 11 பேருக்கும் சேர்த்து ஒரு மனு கொடுத்தால் அது ஒரு மனு. ஒரு கோப்பு, ஒரு பதில், "நடவடிக்கையில் உள்ளது." 11 தாய்மார்கள் தனித்தனியாகக் கொடுத்தால் 11 மனு, 11 எண், 11 பதில். ஆய்வுக்கு வருவதற்கும் அவர்கள் வீட்டில் ஒன்றுமில்லை. அண்ணன் சொன்ன ஆபத்தும் பெரிதளவு இதிலேயே குறைந்துவிடும்.

தேர்தல் நடத்தை விதி முடிந்து கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமைக் குறைதீர்க்கும் நாள் மறுபடி தொடங்கிவிட்டது. போகும்போது ஒவ்வொரு தாயும் கையில் மூன்று தாள் வைத்திருக்கட்டும். அடையாள அட்டை நகல், முன்பு விண்ணப்பித்ததற்கான ஆதாரம், மனு. மனுவில் ஒரே ஒரு கோரிக்கை. "என் மகளுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு இன்ன தேதியில் விண்ணப்பித்தேன், இன்னும் வரவில்லை, வழங்க உத்தரவிட வேண்டும்." அதோடு ரேஷன் கார்டுப் பிரச்சினை, ரோடு பிரச்சினை எல்லாம் சேர்த்து எழுதினால் எந்த மேசைக்கு அனுப்புவது என்று தெரியாமல் மனு சுற்றும்.

எங்கள் மலையிலிருந்து ஒரு அம்மாவை முதல் தடவை கூட்டிப்போனது நினைவிருக்கிறது. வரிசையில் ரெண்டு மணி நேரம். மேசைக்கு முன்னால் போனதும் அவருக்குக் குரலே வரவில்லை, மனுவை நீட்டிவிட்டுக் கும்பிட்டார். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வந்துவிட்டார். நாங்கள் திரும்ப அனுப்பினோம். போய் வாங்கி வந்தார், மாராப்பில் முடிந்து வைத்துக்கொண்டார். நாலு மாதம் கழித்து அதே அம்மா இன்னொரு பெண்ணை வரிசையில் நிறுத்திவிட்டு, "சீட்டு வாங்காம வந்துறாதடி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

30 நாளில் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "இன்ன எண் கொண்ட என் மனு மீது எந்தெந்தத் தேதியில் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, அது இப்போது எந்த அலுவலரிடம் உள்ளது" என்று கேளுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள், ஏன் என்பதற்கு அந்தச் சட்டத்தில் பதில் வராது. தேதி, பெயர், கோப்பு நகல், இவைதான் வரும்.

இந்தச் சட்டமே எப்படி வந்தது என்று பாருங்கள், உங்கள் பணக் கேள்விக்கும் அதில் பதில் இருக்கிறது. ராஜஸ்தானில் தேவ்டுங்கரி என்ற ஊர்ப் பக்கம் 1990 மே 1-ஆம் தேதி மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளர், விவசாயிகள் அமைப்பு தொடங்கியது. தொடங்கியவர்கள் அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங், அந்த வட்டார விவசாயிகள், கூலிக்காரர்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானாவில் முதல் மக்கள் விசாரணை. பஞ்சாயத்து வேலைகளின் பில்களையும் மஸ்டர் ரோல் எனும் கூலிப் பதிவேடுகளையும் ஊர் நடுவில் உரக்க வாசித்தார்கள். செத்துப்போனவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குச் செலவு என்று ஊரே கேட்டது. 1996-இல் பேவார் ஊரில், இப்படிப்பட்ட கணக்குகளைப் பார்க்கும் உரிமை கேட்டு 40 நாள் தர்ணா. அந்த 40 நாளும் சாப்பாட்டுக்குச் சுற்றுக் கிராமங்கள் தானியம் கொடுத்தன, ஊர்க்காரர்கள் காய்கறியும் சில்லறையும் கொடுத்தார்கள். தானியம் கொடுத்த வீடு தர்ணாவை வேடிக்கை பார்க்குமா? 2005-இல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது.

நம் பக்கத்தில் முத்துலட்சுமி ரெட்டி. 1923-இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். சட்ட மேலவையில் தேவதாசி முறைக்கு எதிராகப் போராடியவரும் அவர்தான், ஊர் ஊராகப் பணம் திரட்டி 1954-இல் அடையாறில் 12 படுக்கையோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியவரும் அவர்தான். கேட்கிற வாய் ஒன்றுதான் அவருக்கு. அரசாங்கத்திடமும் அதே வாய், கொடையாளியிடமும் அதே வாய்.

அந்த 260 பேரைப் பற்றி ஓடைக்கரை அக்கா எழுதியதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். உங்கள் ஊரில் 260 பேர் மாதம் 300 ரூபாய் கொடுக்கிறார்கள் என்றால், தாலுகா ஆபீஸில் சாய்தளம் கேட்கும்போது உங்களோடு 260 குடும்பம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து 11 வருடம் வந்த பணத்தால் அது கிடைக்காது.

#12 வரவுசெலவு (13 ஜூன் 2024)

சட்டப் பக்கம் ஒரு வரி. எஃப்சிஆர்ஏ பதிவு இருந்தால் பொதுப் பிரச்சினைக்குப் பேசவே கூடாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். கட்சி அரசியலுக்கு அந்தப் பணம் போகக் கூடாது, அதுதான் சட்டம். கட்சி நோக்கம் இல்லாமல் மக்கள் கோரிக்கைக்குத் துணை நிற்பதாலேயே ஒரு அமைப்பை அரசியல் தன்மை கொண்டது என்று முத்திரை குத்த முடியாது என உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் இன்சாஃப் என்ற அமைப்பு போட்ட வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் எந்தச் செலவை எந்தக் கணக்கிலிருந்து எடுத்தீர்கள் என்பதில் கவனம் வேண்டும். தாய்மார்கள் கலெக்டர் ஆபீஸ் போகும் பஸ் செலவை உள்ளூர்க் கணக்கில் எழுதுங்கள்.

#13 புதுவழி (15 ஜூன் 2024)

இங்கே சிலர் 20 சதவீதக் கமிஷனுக்கு நிதி திரட்டித் தருகிறார்கள். ஆளைப் போடுவதைவிட அது மலிவாக இருக்குமே?

#14 ஓடைக்கரை (15 ஜூன் 2024)

வேண்டாம் தம்பி. கமிஷன்காரர் போய்விட்டால் கொடுத்தவர்களின் பெயரும் போன் நம்பரும் அவரோடு போய்விடும். கொடுத்தவருக்கும் மையத்தில் ஒருவர் முகமும் தெரியாது. 300 ரூபாயில் 60 ரூபாய் கமிஷன் என்று நாளைக்குத் தெரிந்தால் அவர் மறுபடி யாருக்கும் கொடுக்க மாட்டார். நியாயமான சம்பளம் கொடுத்து உங்கள் ஆளையே பழக்குங்கள்.

#15 கரிசல்மண் (17 நவம்பர் 2024)

ஐந்து மாதமாக எழுதாததற்கு மன்னியுங்கள். நேரமே இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஆல்பத்தை மாற்றினோம். சக்கரநாற்காலி தோழர் எழுதியதைப் பணியாளர்கள் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். எங்கள் படங்களில் ஒன்பது அப்படிப்பட்டவை. எடுத்துவிட்டோம். இப்போது பெற்றோரைக் கேட்காமல், பிள்ளைக்குக் காட்டாமல் எந்தப் படமும் வெளியே போவதில்லை. ஒரு பையன் தன் படத்தைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினான், அதையும் எடுத்துவிட்டோம்.

சாயங்காலப் பயிற்சி மூன்று வாரம் நடந்தது. டிரைவர் அண்ணன் முதலாளியாக உட்கார்ந்து எங்களை அழ வைத்துவிட்டார். அவ்வளவு கேள்வி. சமையல் அம்மாதான் இன்றைக்கு எங்களில் அதிகம் பேரைச் சேர்த்தவர். 26 பேர். மூன்று தெருவை அவரே முடித்துவிட்டார்.

மாதம் 300 கொடுப்பவர்கள் இப்போது 83 பேர், 24,900 ரூபாய். வேன் நாட்கள் 24-இல் 17 நாட்களுக்கு ஆள் கிடைத்துவிட்டது, 15 பேர், 17,000. சேர்த்து 41,900. இன்னும் 36,100 குறைகிறது. இரண்டு கம்பெனிகளில் பேசியிருக்கிறோம், ஒன்றில் ஆசிரியர் சம்பளத்தைப் பற்றி அதே 5 சதவீதப் பேச்சு வந்தது. ஆடிட்டர் ஐயா சொன்னதை அப்படியே சொன்னேன். "விதியைப் பார்த்துச் சொல்கிறோம்" என்றார்கள். ஏழு பேர் நடுவில் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஏனென்று போன் போட்டுக் கேட்டேன். மூன்று பேருக்கு ஆட்டோபே நின்றுபோனதே தெரியவில்லை, திரும்பப் போட்டுவிட்டார்கள். மற்ற நாலு பேருக்குக் கையில் கஷ்டம்.

மண்டிக்குத் திரும்பப் போனேன். ஆகஸ்ட்டில். இந்தத் தடவை ஆல்பத்தைத் திறக்கவில்லை. "அண்ணே, மாசத்துல ஒரு நாள் வேன் ஓட ஆயிரம் ரூபா. ஒரு நாள் நீங்க ஏத்துக்கணும்" என்றேன். சொல்லிவிட்டு மேசையில் இருந்த தராசுக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கணக்குப் பிள்ளையிடம் ஏதோ கேட்டார். ஃபேன் சத்தம் மட்டும். எனக்கு ஒரு யுகம் போன மாதிரி இருந்தது. அப்புறம், "எந்த நாளு?" என்று கேட்டார். "நீங்களே சொல்லுங்கண்ணே" என்றேன். "பன்னெண்டாந்தேதி. எங்கம்மா போன தேதி." நோட்டில் எழுதிக்கொண்டேன். மாதா மாதம் 12-ஆம் தேதி சாயங்காலம் டிரைவர் அண்ணன் மண்டி முன்னால் வேனை நிறுத்துகிறார். முதலாளி படியிறங்கி வந்து பிள்ளைகளுக்குக் கை காட்டுவார்.

11 தாய்மார்களும் ஜூலை முதல் திங்கள் போனார்கள். தனித்தனி மனு. ஏழு பேருக்கு உதவித்தொகை வந்துவிட்டது. இரண்டு பேருக்கு மருத்துவச் சான்று திரும்ப எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற இருவர் தகவல் உரிமை மனு போட்டிருக்கிறார்கள், அவர்களே எழுதினார்கள், நான் ஸ்டாம்ப் மட்டும் வாங்கிக் கொடுத்தேன். ஆகஸ்ட் 15 கிராம சபையில் மூன்று ஊராட்சிகளில் பள்ளி, ரேஷன் கடைச் சாய்தளத்துக்குத் தீர்மானம் ஏறியிருக்கிறது. ஒரு ஊராட்சியில் தீர்மானத்தை வாசித்தது மாதம் 300 கொடுக்கிற ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். நாங்கள் கேட்கவே இல்லை.

தாலுகா அலுவலகச் சாய்தளம் இன்னும் இல்லை. மதிப்பீடு போட்டு அனுப்பியதாகச் சொல்கிறார்கள். எங்கள் தலைவர் முதலில் மனதில்லாமல்தான் இருந்தார். போன வாரம் அவரே, "அந்த எஸ்டிமேட் காப்பியத் தகவல் உரிமையில கேட்டுரலாமா?" என்றார்.

#16 சக்கரநாற்காலி (17 நவம்பர் 2024)

அந்த ஒன்பது படங்களை எடுத்ததற்கு நன்றி. எனக்கு இதைப் படிக்க முப்பது வருடம் ஆகியிருக்கிறது.

சாய்தள மனுவில் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த மாதம் 8-ஆம் தேதி ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் தடையின்றிப் போய்வருவதற்கான அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் மத்திய அரசு வகுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். பார்வைக் குறைபாடு உள்ள ஒருவர் 2005-இல் போட்ட வழக்கு அது.

#17 வரவுசெலவு (18 நவம்பர் 2024)

ரொம்ப சந்தோஷம்மா. 83-ம் 15-ம் சேர்த்து 98 பேர். எல்லோரிடமும் பான் எண் வாங்கிவிட்டீர்களா?

#18 கரிசல்மண் (18 நவம்பர் 2024)

71 பேரிடம் வாங்கிவிட்டேன் ஐயா. மீதி 27 பேர் பட்டியல் சமையல் அம்மா கையில் இருக்கிறது. இன்று சாயங்காலம் போகிறார்.